மாரிகாலத்தில் தேன்பெட்டியைக் காப்பது: திருகோணமலை வளவுகளுக்கான வழிகாட்டி

திருகோணமலையில் தேனீ வளர்க்கத் தொடங்குபவர் முதற் கோடையைப் பெரும்பாலும் சிரமமின்றிக் கடந்துவிடுவார். கூட்டம் பெருகும், தேனும் புழுவும் உள்ள மெழுகு அடைகளான வதைகள் நீளும், தென்னம்பாளையிலிருந்தும் வேலிப் பூவரசிலிருந்தும் மகரந்தம் வந்துகொண்டே இருக்கும். சோதனை மாரியில்தான் வருகிறது. கார்த்திகைக்கும் தைக்கும் இடையில் ஒரு நாள் மூடியைத் தூக்கிப் பார்த்தால், பூசணம் பிடித்த வதைகளும் அவற்றில் நூல் பின்னிக் கிடக்கும் அந்துப்பூச்சிப் புழுக்களும் மட்டுமே உள்ளே மிஞ்சியிருக்கும். குளிர் தாங்காமல் தேனீ செத்துவிட்டது என்று சொல்வது வழக்கம். ஆனால் இங்கே மார்கழி இரவின் வெப்பநிலை பெரும்பாலும் 23, 24 பாகை செல்சியஸ் அளவில் நிற்கிறது. அந்தக் குளிரில் எந்தத் தேனீயும் சாகாது. கூட்டத்தை அழிப்பவை பசியும் ஈரமும் ஆகும். இவ்விரண்டுக்கும் உரிய ஏற்பாட்டை ஆவணியிலும் புரட்டாதியிலும் செய்துமுடிக்க வேண்டும். மழை பிடித்த பிறகு வளர்ப்பவர் செய்யக்கூடியது சொற்பமே.

இப்பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 1,600 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கச்சான் காற்று மண்ணை வறுத்தெடுத்த மாதங்களுக்குப் பின் இந்த மழை வருவதால், தேனீக்கூட்டம் மாரிக்குள் நுழையும்போதே பல வேளைகளில் மெலிந்துபோயிருக்கும். அதன் பின் தொடர்ந்து நான்கைந்து நாள் அடைமழை பெய்தால், பூக்களில் தேன் கழுவப்படும், மகரந்தம் நனைந்து கட்டியாகும், வெளியே போன பணித்தேனீக்களில் ஒரு பகுதி திரும்பாது. மழை தொடங்கும் நாளில் பெட்டிக்குள் இருக்கும் சேமிப்பைத்தான் கூட்டம் நம்பியிருக்க வேண்டும்.

குளிர்நாட்டு வழிகாட்டிகளில் எடுப்பதும் விடுவதும்

இணையத்தில் தேடினால் கிடைக்கும் வழிகாட்டிகளில் மிகப் பெரும்பாலானவை ஐரோப்பியத் தேனீக்காக, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து போன்ற குளிரும் ஈரமும் மிக்க வடநாடுகளுக்காக எழுதப்பட்டவை. மழைக்காலம் என்றவுடன் நம்மவர்கள் அவற்றை அப்படியே பின்பற்ற முற்படுகிறார்கள். நாம் வளர்ப்பது அந்தத் தேனீ அன்று. மரப்பொந்திலும் புற்றுக்குழியிலும் பல வதைகளை அடுக்கடுக்காகக் கட்டும் உள்நாட்டுப் பொந்துத் தேனீ. 1660ஆம் ஆண்டில் நம்முடைய கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் தடுத்துவைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயக் கடலோடி ரொபர்ட் நொக்ஸ், இந்தத் தேனீயை இங்கிலாந்துத் தேனீயும் இதுவும் ஒன்றே என்று எழுதிவைத்தார். அவர் செய்த பிழையையே இன்றைய இணைய வாசகரும் செய்கிறார்.

வடநாடுகளில் வெளி வெப்பநிலை ஏறத்தாழ 14 பாகைக்குக் கீழே இறங்கும்போது, தேனீக்கள் வதைகளுக்கிடையே பந்தாகத் திரண்டு, பறக்கும் தசைகளை அதிரவைத்து வெப்பம் உண்டாக்கிக்கொள்கின்றன. இராணி முட்டையிடுவதை நிறுத்திவிடும், அல்லது மிகவும் குறைத்துவிடும். வளர்க்க வேண்டிய புழுக்கள் இல்லாததால் அந்தக் கூட்டம் சிக்கனமாக உண்கிறது. ஆனாலும் குளிர்காலம் பல மாதங்கள் நீள்வதால், ஒரு பெட்டிக்கு 18 முதல் 20 கிலோகிராம் தேன் விட்டுவைக்குமாறு பிரித்தானிய வளர்ப்பாளர்கள் அறிவுறுத்துகிறார்கள். நம் தேனீயின் பெட்டி அந்த அளவு தேனை ஒருபோதும் தாங்கி நிற்பதில்லை. நம் கூட்டம் மாரியில் ஒடுங்குவதுமில்லை. இராணி முட்டையிடுவது குறையுமே தவிர நிற்பதில்லை. புழு வதையை 33 முதல் 35 பாகை வெப்பத்தில் வைத்திருக்கும் வேலையும் ஓயாது. ஆகவே நம் தேனீ மழைநாளிலும் விழித்திருந்து உண்கிறது. வடநாட்டுத் தேனீக்குப் பெரிய களஞ்சியமும் சிறிய செலவும் உள்ளன. நம் தேனீக்குச் சிறிய களஞ்சியமும் குறையாத செலவும் வாய்த்திருக்கின்றன. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த அறிவுரை நமக்கு ஆகும், எது ஆகாது என்பதைப் பெரும்பாலும் தாமாகவே பிரித்தறியலாம்.

பெட்டியைக் கம்பளியாலோ பொலித்தீனாலோ சுற்றிக் கட்டுவது நமக்கு ஆகாது. சுற்றிய உறைக்குள் ஈரம் அடைபட்டு, பலகை உப்பிவிடும். ஆனால் குளிரைவிட ஈரமே கூட்டத்தைக் கொல்கிறது என்று அவர்கள் ஓயாமல் சொல்வது நமக்கு அங்கே பொருந்துவதைவிட அதிகமாகவே பொருந்தும். ஒரு கிலோகிராம் தேனைத் தேனீக்கள் உண்டு செரிக்கும்போது, அதிலிருந்து 650 கிராமுக்கும் சற்று அதிகமான நீர் ஆவியாக வெளிப்படுகிறது. அந்த ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் உள்மூடியின் அடிப்புறத்தில் துளிகளாகத் திரண்டு, மீண்டும் வதைகள்மேலேயே சொட்டும். கூரை ஒழுகாத பெட்டிக்குள்ளும் மழை பெய்வது இப்படித்தான்.

நம் தேனீயின் ஓர் இயல்பு இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. வெப்பமான மாலையில் வாசற்பலகைக்கு அருகே குந்தியிருந்து, சிறகடித்து விசிறும் தேனீக்களைக் கவனித்தால், அவை தலையை வெளியே நீட்டி, வாலைப் பெட்டிப் பக்கமாக வைத்து நிற்பது தெரியும். ஐரோப்பியத் தேனீ இதற்கு நேர்மாறாகத் தலையை உட்பக்கம் வைத்து நின்று, உள்ளேயுள்ள காற்றை வெளியே இழுக்கிறது. நம்முடையதோ வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிறது. உள்ளே போன காற்று வெளியேற வேறொரு வழி இருந்தால்தான் ஈரமும் அதனுடன் போகும். காற்று வெளியேறும் துளை மேலே இருக்க வேண்டும் என்பதை நம் பெட்டிகளுக்கு விதியாகவே கொள்ளலாம்.

இடமும் திசையும்

காலை வெயில் விழும்படி வாசல் கிழக்கு நோக்கியிருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. திருகோணமலையில், குறிப்பாக நிலாவெளி, குச்சவெளி, சாம்பல்தீவு போன்ற கரையோர ஊர்களில் இதைப் பின்பற்றக் கூடாது. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து மழையைச் சாய்த்து அடிக்கும்போது, கிழக்கு நோக்கிய வாசல் நேரே அதன் வாயில் இருக்கும். தெற்கு நோக்கிய வாசலே இங்கு ஏற்றது, தென்கிழக்கும் பரவாயில்லை. ஏற்கெனவே கிழக்கு நோக்கி வைத்த பெட்டியை ஒரேயடியாகத் திருப்பினால் தேனீக்கள் வாசலைத் தேடித் தடுமாறும். ஆகையால் மழைக்கு முந்திய வாரங்களில், பொழுது சாய்ந்து தேனீக்கள் அடங்கிய பின், நாளுக்கு ஒரு கையகலமாகத் திருப்பிவர வேண்டும்.

வடகிழக்குப் பக்கத்தில் ஒரு வேலியோ சுவரோ இருந்தால் நல்லது. கிடுகு வேலி இதற்கு மிகப் பொருத்தமானது. அது காற்றை முற்றாகத் தடுக்காமல் அதன் வேகத்தை மட்டும் உடைக்கிறது. மரநிழல் கோடைக்கு வேண்டும். ஆனால் மழைநின்ற பின்னும் மணிக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருக்கும் அடர்ந்த மாமரத்தடி மாரிக்கு ஆகாது. தென்னை மரத்தடியை எக்காலத்திலும் தவிர்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், வெருகல் போன்ற தாழ்நிலப் பகுதிகளில், குளத்து வான்கதவு திறந்தால் தண்ணீர் எதுவரை வரும் என்பதை அயலில் உள்ள முதியவர்களிடம் கேட்டறிந்த பின்பே இடத்தைத் தெரிவு செய்ய வேண்டும். தாங்கியின் உயரம் முழங்காலுக்கு மேலே, இரண்டு இரண்டரை அடி இருக்கட்டும். நிலத்தில் விழும் மழை தெறித்து வாசலில் சேறு பூசாதிருக்கவும் அந்த உயரம் உதவுகிறது.

பெட்டியில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

உள்நாட்டுத் தேனீக்குரிய சிறிய பெட்டிகளில், நியூட்டன் பெட்டி என்று அழைக்கப்படும் வகை நமக்கு அறிமுகமானது. 1910களில் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் தேனீ வளர்ப்பைப் பரப்பிய கத்தோலிக்கக் குருவான நியூட்டன், இந்தத் தேனீயின் சிறிய உடலுக்கும் சிறிய வதைக்கும் ஏற்ப அதை அமைத்தார். எந்த வகைப் பெட்டியாயினும் மாரிக்கு முன் கவனிக்க வேண்டியவை ஒன்றே.

முதலில், பெட்டி முன்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். பின்கால்களின் கீழ் ஒரு மெல்லிய பலகைத்துண்டைச் செருகினாலே போதும். வாசலுக்குள் அடித்த நீரும் அடிப்பலகையில் சொட்டிய நீரும் தாமாக வெளியே வடிந்துவிடும். மேல்மூடியின்மேல் தகரம் அறைந்து, அது நாற்புறமும் மூன்று விரலளவாவது வெளியே நீளும்படி விட வேண்டும். தகரத்தில் மழை விழும் ஓசை தேனீக்களைக் கலைக்குமோ என்று சிலர் ஐயப்படுவதுண்டு. தகரத்தின்மேல் ஒரு கிடுகை இரண்டாக மடித்துப் போட்டு அதன்மேல் செங்கல் வைத்துவிட்டால், ஓசையும் குறையும், கோடையில் வெப்பமும் குறையும். பலகையின் வெளிப்புறத்துக்கு மட்டும் வர்ணம் பூச வேண்டும். உட்புறம் வெறும் பலகையாகவே இருந்தால்தான் சிறிதளவு ஈரத்தையாவது அது உறிஞ்சிக்கொள்ளும். கடலுக்கு அண்மையில் இருப்பவர்கள் சாதாரண இரும்பாணியை நம்பக் கூடாது. உப்புக்காற்றில் அது இரண்டு மாரிக்குள் இற்றுப்போய், வதை கட்டப்படும் சட்டத்தைத் தூக்கும்போது தலைப்பலகை மட்டும் கையோடு வரும்.

உள்மூடியில் விரல் நுழையும் அளவில் ஒரு துளையிட்டு, அதன்மேல் நெருக்கமான கம்பிவலை ஒன்றை அறைய வேண்டும். அந்த வலையின்மேல், மேல்மூடிக்கும் உள்மூடிக்கும் இடைப்பட்ட வெளியில், உலர்ந்த தென்னந்தும்பு நிரப்பிய சணல்சாக்குப் பை ஒன்றைத் தளர்வாக வைத்துவிட்டால், மேலெழும் ஆவியைத் தும்பு வாங்கிக்கொள்ளும். மேல்மூடியின் பக்கப்பலகையில் இரண்டு சிறு துளைகள் இருந்தால் அந்த ஈரம் மெல்ல வெளியேறிவிடும். இரண்டு பைகள் வைத்திருப்பது வசதி. ஒன்று பெட்டிமேல் இருக்கும்போது மற்றொன்று அடுப்பங்கரையில் உலர்ந்துகொண்டிருக்கலாம். பையை மாற்றுவதற்கு உள்மூடியைத் திறக்க வேண்டியதில்லை என்பதே இந்த ஏற்பாட்டின் பெரிய நன்மை. வடநாட்டவர்களும் மரத்தூளும் சாக்கும் கொண்டு இதையே செய்கிறார்கள். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவற்றுள் மிகப் பயனுள்ளது இதுவே என்பது என் கருத்து.

வாசலை இரண்டு அங்குல அகலத்துக்குக் குறைத்துவிட வேண்டும். மெலிந்த கூட்டத்தால் அகன்ற வாசலைக் காவல்காக்க இயலாது. மழைவிட்ட ஒரு மணி நேரத்தில் அயற்பெட்டித் தேனீக்கள் வந்து கொள்ளையிடுவது இக்காலத்தில் சாதாரணம்.

புரட்டாதியில் ஒரு முழுச் சோதனை

மழைக்கு முன் வெயில் நன்றாக எறிக்கும் ஒரு நாளில், காலை பத்து மணிக்குப் பின் பெட்டியை முழுமையாகச் சோதிக்க வேண்டும். இதுவே ஆண்டின் முக்கியமான சோதனை. அவசரப்படாமல் ஒவ்வொரு சட்டமாகத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

ஒரு சட்டத்தை வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, ஒளி அறைகளின் அடிவரை விழும்படி பிடித்தால், நிமிர்ந்து நிற்கும் வெள்ளை நூல்துண்டு போன்ற முட்டைகள் தெரியும். முட்டை இருந்தால் இராணி அண்மையில் நலமாக இருந்தது உறுதி. இராணியைத் தேடிக் கூட்டத்தைக் கலைக்க வேண்டியதில்லை. மூடிய புழு அறைகள் இடைவெளியின்றிப் பரந்திருந்தால் இராணி நல்லது. ஆங்காங்கே ஓட்டையாக, சிதறிக் கிடந்தால் இராணி முதியதாகிவிட்டது என்று கொள்ளலாம். அப்படிப்பட்ட கூட்டத்தை மாரிக்குள் தனியே விடாமல், அருகிலுள்ள வலிமையான கூட்டத்தோடு சேர்த்துவிடுவதே அறிவு. இரண்டு மெலிந்த பெட்டிகளைவிட ஒரு நிறைந்த பெட்டி தைமாதத்தை எளிதில் காணும். அப்பெட்டியைப் பின்னர் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

அடுத்து, தேனீக்கள் மூடி நிற்காத வதைகள் அனைத்தையும் அகற்ற வேண்டும். இதில் பலர் மனம் தளர்கிறார்கள், ஏனெனில் கட்டிய வதையை எடுப்பது தேனீயின் உழைப்பை வீணாக்குவதாகத் தோன்றுகிறது. ஆனால் காவலற்ற வதை என்பது மெழுகு அந்துப்பூச்சிக்கு விரித்த பாய் ஆகும். பெண் அந்து இரவில் புகுந்து பலகை வெடிப்புகளில் முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு வதையின் நடுச்சுவரைக் குடைந்து, தான் சென்ற வழியெல்லாம் பட்டுநூல் பின்னிக் கரிய எச்சத்தை விட்டுச்செல்லும். குறிப்பாக, பல தலைமுறைத் தேனீப் புழுக்கள் வளர்ந்து கறுத்த பழைய வதைகளையே அது விரும்புகிறது. வெறும் வெள்ளை மெழுகில் அதற்கு உணவு போதாது. ஆகவே கறுத்த வதைகளை முதலில் வெட்டி எடுத்து உருக்கிவிட வேண்டும். நல்ல வதையைத் தைக்குப் பின் பயன்படுத்த எண்ணினால், பொலித்தீன் பையில் இட்டு ஓரிரவு ஆழ்குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்து, பையைப் பிரிக்காமலே உலர்ந்த இடத்தில் வைத்திருக்கலாம். அந்தின் முட்டையும் புழுவும் அந்தக் குளிரில் மடிந்துவிடும்.

வதைகளை எடுத்தபின் எஞ்சும் வெற்றிடத்தை ஒரு தடுப்புப் பலகையால் அடைத்து, கூட்டம் ஐந்து சட்டத்தை மூடுமாயின் ஐந்து சட்டத்துக்கே அறையைச் சுருக்கிவிட வேண்டும். நான்கே சட்டம் மூடுமாயின் நான்கு போதும். மேலே தேன்அறை இருந்தால், அது நிறைந்து மூடிய தேனோடு இருந்தாலன்றிக் கீழிறக்கிவிட வேண்டும். நிறைந்த தேன்அறையை எடுக்காமல் அப்படியே விட்டுவைப்பதைவிடச் சிறந்த மாரி உணவு வேறில்லை. இதைச் சொல்லும்போது, தேனுக்காகத்தானே வளர்க்கிறோம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் எடுக்கும் இரண்டு போத்தல் தேனின் விலையையும், ஒரு புதிய கூட்டத்தைத் தேடிப் பிடிப்பதற்கான சிரமத்தையும் எடைபோட்டுப் பார்க்கட்டும்.

சீனிப்பாகு கொடுக்கும் முறை

சோதனையின்போது ஓரச் சட்டங்கள் இரண்டிலும் மெழுகால் மூடிய தேன் இல்லையெனில், உடனே பாகு கொடுக்கத் தொடங்க வேண்டும். பாகில் இரண்டு வகை உண்டு. சீனியும் நீரும் சம எடையில் கலந்த நீர்ப்பாகு, பூத்தேன் வருவதுபோன்ற உணர்வைக் கூட்டத்துக்கு ஏற்படுத்தி, இராணியை முட்டையிடத் தூண்டும்; அது தைமாதத்துக்கு உரியது. மாரிக்கு முன்னும் மாரிக்குள்ளும் வேண்டியது கெட்டிப்பாகு. அதற்கு இரண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு நீர் எடுக்க வேண்டும். நீர்ப்பாகை மழைநாளில் கொடுத்தால், அதிலுள்ள மிகுதி நீரை வற்றச்செய்ய ஈரம் மிகுந்த பெட்டிக்குள் தேனீக்கள் மேலும் உழைக்க வேண்டிவரும். பாதி வற்றுமுன்பே பாகு புளித்தும்விடும்.

அரை லீற்றர் நீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பின்பே ஒரு கிலோகிராம் வெள்ளைச் சீனியை அதில் கொட்டிக் கரைக்க வேண்டும். சீனியைப் போட்டபின் மீண்டும் அடுப்பேற்றிக் காய்ச்சக் கூடாது. கருகிய சீனி தேனீயின் குடலுக்கு நஞ்சு. பனங்கட்டியும் சர்க்கரையும் மலிவாகக் கிடைத்தாலும் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. அவற்றிலுள்ள கனிமங்களும் கசடும் வெளியே பறக்க இயலாமல் அடைபட்டிருக்கும் தேனீக்களுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். இந்த அளவில் செய்த பாகு ஒரு லீற்றருக்குச் சற்று மேலாக வரும்.

ஊட்டியாகச் சிரட்டையே போதும். கண்ணில்லாத பாதியைத் தேர்ந்து, உட்புறத்தைச் சுரண்டித் துப்புரவாக்கி, பாகு ஊற்றியபின் மேலே உலர்ந்த வைக்கோல் துண்டுகளை நெருக்கமாக மிதக்கவிட வேண்டும். வைக்கோல் இல்லாவிட்டால் மறுநாட் காலையில் சிரட்டை நிறைய மூழ்கிச் செத்த தேனீக்களையே காண நேரும். தடுப்புப் பலகைக்கு அப்பாலுள்ள வெற்றிடத்தில் சிரட்டையை வைத்துப் பெட்டியை மூடிவிட வேண்டும். பாகை எப்போதும் பொழுது சாய்ந்த பின்பே வைக்க வேண்டும். ஒரு துளிகூட வெளியே சிந்தக் கூடாது, சிந்தினால் உடனே கழுவிவிட வேண்டும். எறும்பும் கொள்ளைத் தேனீயும் வாசனை பிடித்து வர அந்த ஒரு துளி போதும். மழைக்கு முந்திய வாரங்களில் ஒன்றைவிட்டு ஒரு நாள் ஒரு சிரட்டை வீதம், மேல்வரிசை அறைகள் மெழுகால் மூடப்படும்வரை கொடுத்துவரலாம். மழைக்குள், அடைமழை நாலைந்து நாள் நீடித்தால் மட்டும் வாரத்துக்கு ஒரு சிரட்டை போதும். இரண்டு நாளாகியும் தீராத பாகை எடுத்து ஊற்றிவிட வேண்டும்.

மகரந்தத் தட்டுப்பாடு பாகால் தீராது. தென்னை ஆண்டு முழுவதும் பாளை விரிப்பது நம் பகுதிக்கு வாய்த்த பெரிய பேறு. பெரும்போகத்தில் சோளம் இட்டவர்களின் வயல் அருகிலிருந்தால் அந்தப் பூவும் உதவும். வேலியோரம் கொடிரோசா படரவிடுவது எளிய வழி. மூக்குத்திப்பூண்டைக் களையென்று முழுவதும் பிடுங்காமல் ஒரு மூலையில் விட்டுவைத்தால், மழை இடைவெளிகளில் தேனீக்கள் முதலில் இறங்குவது அதில்தான்.

மழைக்குள் பெட்டியைத் திறக்காமலே அறிவது

ஐப்பசி நடுவிலிருந்து தை தொடக்கம்வரை, பாகு வைக்கும் வேளை தவிர, உள்மூடியைத் திறக்காதிருப்பதே சிறந்த பராமரிப்பு. நம் தேனீ தொல்லை பொறுக்காது. பசியும் ஈரமும் உள்ளபோது ஒருமுறை கலைத்துவிட்டால், அடுத்த வெயிலில் மொத்தக் கூட்டமும் எழுந்து போய்விடும். ஐரோப்பியத் தேனீ பட்டினியிலும் பெட்டியிலேயே கிடந்து மடியும், நம்முடையது கிளம்பிவிடும். ஆகவே வெளியிலிருந்தே நிலைமையை அறிந்துகொள்ளப் பழக வேண்டும்.

எடையைப் பார்ப்பது முதல் வழி. மீன் நிறுக்கும் தொங்குதராசின் கொக்கியைப் பெட்டியின் பின்பக்க அடியில் மாட்டி, ஒரு விரலளவு தூக்கி அளவைப் பார்த்து, மூடியின் உட்பக்கத்தில் தேதியோடு எழுதிவைக்க வேண்டும். அது பெட்டியின் முழு எடையன்று; அதனால் குறையொன்றுமில்லை. வாரத்துக்கு வாரம் எவ்வளவு குறைகிறது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. தும்புப் பையை எடுத்துவிட்டு நிறுக்க மறக்கக் கூடாது, நனைந்த தும்பின் எடை கணக்கைக் கெடுத்துவிடும்.

வாசலைக் கவனிப்பது இரண்டாவது வழி. மழை விட்டு வெயில் தலைகாட்டியதும் தேனீக்கள் பின்னங்கால்களில் மகரந்த உருண்டையோடு உள்ளே போகுமாயின், உள்ளே புழு இருக்கிறது, இராணி இருக்கிறது, கவலையில்லை. வாசற்பலகையில் வெள்ளைப் புழுக்கள் இழுத்தெறியப்பட்டுக் கிடந்தால் பட்டினி தொடங்கிவிட்டது. அன்று மாலையே பாகு வைக்க வேண்டும். வெயில் நாளிலும் மகரந்தம் வராமல், தேனீக்கள் வாசலில் நோக்கமின்றித் திரிந்தால், கூட்டம் கிளம்ப ஆயத்தமாகிறது என்று ஐயப்படலாம். அப்போது மட்டும் விதியை மீறி, வெயில் உள்ள நேரத்தில் விரைவாகத் திறந்து, வேறொரு வலிய பெட்டியிலிருந்து மூடாத புழுக்களுள்ள சட்டம் ஒன்றை எடுத்துத் தேனீக்களை உதறிவிட்டு இங்கே வைத்துப் பாகும் கொடுக்க வேண்டும். பசித்த புழுவை விட்டுவிட்டுப் போக அவை எளிதில் மனங்கொள்வதில்லை. இராணி மட்டும் நுழைய இயலாத தடுப்புத் தகட்டை வாசலில் பொருத்துவதும் உதவும். ஆனால் அதை நாலைந்து நாளுக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது.

இக்காலத்தில் வரும் இன்னொரு விருந்தாளி நீலவால் பஞ்சுருட்டான். வலசை வரும் இப்பறவை புரட்டாதி அளவில் வந்து, சித்திரைக்குள் திரும்பிவிடும். மழைவிட்ட வேளையில் மின்கம்பியில் வரிசையாக அமர்ந்து, பெட்டிக்கு வரும் தேனீக்களைக் கௌவிக்கொள்ளும். அதைக் கல்லெறிந்து விரட்டிப் பயனில்லை. வலிய கூட்டம் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும். வாசலுக்கு முன்னே கொடிப்பந்தலோ வாழையோ இருந்தால் தேனீக்கள் திறந்த வெளியில் பறக்கும் தூரம் குறையும்.

எறும்பும் டெங்கும்

தாங்கியின் கால்களுக்கு நீர்க்கிண்ணம் வைத்து எறும்பைத் தடுப்பது எல்லோரும் அறிந்த முறை. மாரியில் அது இரண்டு விதத்தில் கெடுகிறது. கிண்ணம் நிரம்பி வழியும்போது விழுந்த இலை எறும்புக்குப் பாலமாகிவிடும். தேங்கிய நீரில் டெங்கு நுளம்பும் பெருகும். 2017இல் கிண்ணியா பட்ட பாட்டை அறிந்த எவரும் வளவில் நீர் தேங்கவிட மாட்டார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கண்டால் விடவும் மாட்டார். ஆகவே ஐப்பசி பிறந்ததும் கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தாங்கியின் ஒவ்வொரு காலிலும் நாலு விரல் அகலத்துக்குக் கிறீஸ் பூசிவிட வேண்டும். மழை கழுவாதபடி, அதற்குச் சற்று மேலே வெட்டிய பிளாஸ்டிக் போத்தலைக் குடைபோலக் கவிழ்த்துக் கட்டலாம். தாங்கியைத் தொடும் புல்லையும் கிளையையும் வெட்டிவிட வேண்டும், முசுறு ஒரு புல்நுனியைப் பற்றிக்கொண்டே ஏறிவிடும்.

டெங்குக்காக ஊரில் புகையடிக்க வருவார்கள். அந்த மருந்து தேனீயையும் கொல்லும். வருவதாக அறிவித்தால், தேனீக்கள் அடங்கியிருக்கும் வேளையிலேயே வாசலை நனைத்த சாக்கால் மூடி, புகை கலைந்தபின் எடுத்துவிட வேண்டும். பெரும்போக வயலுக்கு அருகில் பெட்டி வைத்திருப்பவர்கள், மருந்தடிக்கும் நாளை வயற்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, மாலையில் அடிக்குமாறு வேண்டிக்கொள்ளலாம். நேரில் போய்க் கேட்டால் மறுப்பவர் குறைவு.

புயல்

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளி, திரியாய்ப் பக்கமாகக் கரையேறியது. அதற்கு முன்னர் 1964இலும் 2000இலும் இதே டிசம்பர் மாதத்தில் புயல்கள் இம்மாவட்டத்தைத் தாக்கியுள்ளன. எச்சரிக்கை வந்தபின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, ஐப்பசியிலேயே மூடி, அறை, அடிப்பலகை, தாங்கி நான்கையும் சேர்த்து லொறிச் சாமான் இறுக்கும் பட்டியால் ஒரே கட்டாகக் கட்டி, தாங்கியின் கால்களை ஒரு முழ ஆழம் நிலத்தில் புதைத்துவிட வேண்டும். அப்படிக் கட்டிய பெட்டி விழுந்தாலும் பிரியாது. விழுந்த பெட்டியை நிமிர்த்தும்போது வதைகள் நிலத்துக்குச் செங்குத்தாக வரும்படி மெதுவாக எழுப்பி, அன்று திறக்காமல் விட்டுவிட வேண்டும்.

தை பிறந்த பின்

மழை ஓய்ந்து தொடர்ந்து மூன்று நான்கு நாள் வெயில் எறித்ததும் முதற் சோதனையைச் செய்யலாம். பூசணம் பிடித்த ஓர வதையைத் தேனீக்கள் தாமே துப்புரவாக்கிவிடும். மிகவும் கெட்டதை மட்டும் வெட்டி எடுத்தால் போதும். அடிப்பலகையில் சேர்ந்திருக்கும் மெழுகுத்தூளை வளவில் தட்டாமல் எரித்துவிட வேண்டும், அந்தின் முட்டையும் புழுவும் அதில்தான் ஒளிந்திருக்கும். இப்போது நீர்ப்பாகை வாரத்துக்கு இருமுறை கொடுத்தால் இராணி விரைவாக முட்டையிடத் தொடங்கும். முட்டை பணித்தேனீயாக வெளிவர ஏறத்தாழ மூன்று வாரமும், அது வெளியே சென்று பூத்தேன் சேர்க்க மேலும் இரண்டு மூன்று வாரமும் ஆகும் என்பதால், மாவும் பின்னர் வேம்பும் பூக்கும் காலத்துக்குக் கூட்டம் நிறைந்திருக்க வேண்டுமானால் இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. தடுப்புப் பலகையை ஒவ்வொரு சட்டமாக நகர்த்தி அறையை விரிக்க வேண்டும். ஒரேயடியாக விரித்தால் அந்து மீண்டும் புகும்.

மாரியில் விட்டுவைத்த தேனில் மிச்சமிருந்தால் அதை எடுத்து விற்க எண்ணக் கூடாது. அதில் சீனிப்பாகு கலந்திருக்கும். அத்துடன் ஈரக்காற்றிலிருந்து நீரை உறிஞ்சியும் இருக்கும். தேனில் நீர் 20 சதவீதத்தைத் தாண்டினால் அது போத்தலில் புளித்து மூடியைத் தள்ளும். அந்த வதைகளை அதே கூட்டத்துக்கே விட்டுவிட்டு, தேன்அறையை மாசியில் புதிய சட்டங்களோடு ஏற்றினால், அதில் சேர்வது கலப்பில்லாத கோடைத்தேனாக இருக்கும். சட்டத்தின் முக்கால் பங்கு அறைகளாவது மெழுகால் மூடப்பட்ட பின்பே அதை எடுக்க வேண்டும்.